டர்பன் வீட்டுக்கு எந்த சைக்கிள் ரோலர்?

டர்பனில் வீட்டுக்குள் வைத்து சைக்கிள் பயிற்சி செய்ய என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் ரோலரைத்தான் சொல்கிறேன், அதுவும் பெரிய உருளை வைத்த, மின்சாரமே தேவைப்படாத சாதாரண ரோலர். கேட்பவர்கள் பெரும்பாலும் முகத்தைச் சுளிக்கிறார்கள். "அதுல ஏறினா விழுந்துடுவோமே" என்பது ஒன்று, "இப்பதான் ஸ்மார்ட் டிரெயினர் வந்தாச்சே, இது எதுக்கு?" என்பது இன்னொன்று (சைக்கிளைப் பூட்டி வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி தடையை மாற்றுகிற கருவியைச் சொல்கிறார்கள்). இரண்டுக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். மேடு ஏறும் பலம் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் சாதாரண ரோலர் போதாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுவதும் படித்துவிட்டு ஏமாற வேண்டாம்.

பார்த்திராதவர்களுக்காக: ஒரு நீளச் சட்டம், அதில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவே உட்காரும், முன்சக்கரம் ஒற்றை உருளையின் உச்சியில் நிற்கும். நடு உருளையையும் முன் உருளையையும் ஒரு பெல்ட் இணைக்கிறது, அதனால் நீங்கள் மிதிக்க மிதிக்க முன்சக்கரமும் சேர்ந்து சுற்றும். அவ்வளவுதான். சைக்கிளைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. சாலையில் எப்படி நிமிர்ந்து நிற்கிறீர்களோ அப்படியேதான் இங்கேயும் நிற்க வேண்டும்.

நம் ஊரில் வீட்டுக்குள் ஓட்ட வேண்டிய அவசியம் ஏன் வருகிறது? பனி பெய்கிற ஐரோப்பாக்காரர்களின் காரணம் நமக்கு இல்லை. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், எம்4 சாலையில் உம்ஷ்லாங்கா பக்கம் போய்விட்டு வேலைக்குக் கிளம்ப நேரம் தாராளமாக இருக்கும். ஜூனில் சூரியன் ஏழு மணியை நெருங்கும்போதுதான் தலைகாட்டுகிறது, மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இருட்டில், மினிபஸ் டாக்சிகளுக்கு நடுவே, விலை உயர்ந்த சைக்கிளோடு தனியாகப் போவதை என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, நானும் வாதாடுவதில்லை. கோடையில் மழை கொட்டும் வாரங்கள் வேறு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை சாலைகள் அறுந்து கிடந்தன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2023ல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான நிலை வரை போய், ஒரே நாளில் பல தடவை விளக்கு அணைந்த காலத்தில், சுவரில் செருக வேண்டிய எந்தப் பயிற்சிக் கருவியையும் நம்பி நேரம் குறிக்க முடியவில்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் அந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் வாங்கினேன்.

என்னிடம் இருப்பது டாக்ஸ் ஆன்டரஸ். நெதர்லாந்துக் கம்பெனி, 2019ல் கார்மின் வாங்கிக்கொண்டது. கம்பெனிப் பெயரை விடுங்கள், வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உருளையின் குறுக்களவு. விளம்பரங்களில் இதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடுகிறார்கள், ஆனால் ரோலரின் குணமே இதில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். தார்ச்சாலை தட்டையானது, உருளை வளைந்தது. வளைவு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமாக டயர் அமுங்கும். அந்த அமுக்கத்தில் வீணாகிற சக்தியை ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கால்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் சின்ன உருளை என்றால் கனமாக இருக்கும், பெரிய உருளை என்றால் லேசாக ஓடும். அமெரிக்காவில் செய்கிற கிரைட்லர் ரோலர்களைப் பாருங்கள், ஒரே சட்டத்துக்கு நாலரை அங்குலம், மூன்று அங்குலம், இரண்டேகால் அங்குலம் என்று உருளை அளவைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம், அந்த அளவுதான் பயிற்சியின் கடினத்தையே தீர்மானிக்கிறது. ஆன்டரஸின் உருளை ஓரத்தில் 110 மி.மீ., நடுவில் 100. முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். ரொம்பச் சின்ன உருளையில் பழக ஆரம்பித்தால் கால் களைத்துவிடும், கால் களைத்தால் மிதி தடுமாறும், மிதி தடுமாறினால் சைக்கிள் ஆடும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சாதாரண ரோடு சைக்கிள் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 285 சுற்று சுற்றுகிறது. அதே நேரத்தில் 110 மி.மீ. உருளை 1,700 சுற்றைத் தாண்டும். இரண்டேகால் அங்குல உருளை என்றால் 3,300க்கு மேல். இவ்வளவு வேகமாகச் சுற்றுகிற ஒரு பொருள் துளி கோணலாக இருந்தாலும், பேரிங் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், அது அதிர்வாகவும் சத்தமாகவும் உங்கள் இருக்கைக்கு வந்து சேரும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரோலர்களில் ஒன்று மட்டும் ஏன் விலை கூடுதல் என்று யோசித்தால், பெரும்பாலும் விடை இந்த உருளையின் துல்லியத்தில்தான் இருக்கும்.

அடுத்தது உருளையின் வடிவம். நேர் உருளை, ஓரம் உயர்ந்து நடுவில் குறுகுகிற உருளை என்று இரண்டு வகை. டாக்ஸ் கூம்பு மாதிரி சரித்துச் செய்கிறது, இத்தாலியின் எலீட் கம்பெனி அரியான் வகையில் வளைவாகச் செய்கிறது. சைக்கிள் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்தச் சரிவு உங்களை மெல்ல நடுவுக்குத் திருப்பிவிடும். முழுதாகக் காப்பாற்றிவிடும் என்று நம்பி கையை விட்டுவிடாதீர்கள், ஆனால் ஓரத்தில் சரிவு ஆரம்பித்ததை டயர் வழியாக உணர முடியும், பார்வை கீழே போகாமலே திருத்திக்கொள்ளலாம். பழைய வேலோட்ரோம் (சைக்கிள் பந்தயத் திடல்) ஆட்கள் நேர் உருளைதான் நல்லது, அதுதான் உண்மையான கட்டுப்பாட்டைக் கற்றுத்தரும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஞாயிறு மட்டும் கூட்டமாகப் போய் வருகிற, வாரத்தில் இரண்டு மாலை வீட்டில் ஓட்ட நினைக்கிற ஒருவருக்கு ஓரம் உயர்ந்ததுதான் நல்லது என்பது என் முடிவு.

இதற்கு மேல் காசு போட்டால் இரண்டு வசதி கிடைக்கிறது. ஒன்று ஆடும் சட்டம். டாக்ஸ் கலாக்சியா, எலீட் குவிக் மோஷன் இரண்டிலும் உருளைகள் இருக்கும் சட்டம் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். திடீரென்று வேகத்தைக் கூட்டினாலோ எழுந்து நின்று மிதித்தாலோ சைக்கிள் முன்னால் பாயப் பார்க்கும், அந்தப் பாய்ச்சலைச் சட்டம் உள்வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று காந்தத் தடை, உருளை சுற்றுவதைக் காந்தத்தால் கனமாக்குகிற ஏற்பாடு. அரியான் மாக், குவிக் மோஷன் இரண்டிலும் மூன்று நிலை இருக்கிறது, கையால் மாற்றிக்கொள்ளலாம், இதற்கும் மின்சாரம் வேண்டாம். ஆன்டரஸில் இவை இரண்டும் இல்லை. என்னைக் கேட்டால், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் காந்தத் தடைக்குப் போடுங்கள். ஆடும் சட்டத்தின் வேலையைப் பழக்கத்தால் ஈடுகட்டலாம், தடை இல்லாத குறையைப் பழக்கம் தீர்க்காது.

அது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் இங்கேதான் வருத்தப்படுகிறார்கள். சாலையில் வேகம் கூடக் கூட எதிர்க்காற்றை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்காக மட்டும் எட்டு மடங்கு உழைக்க வேண்டும். ரோலரில் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிறது, உங்கள் மேல் காற்று மோதுவதே இல்லை. டயர் அமுக்கமும் பேரிங் உராய்வும்தான் எதிர்ப்பு, அது வேகத்தோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில்தான் கூடும். அதனால் பெரிய உருளையில் கால் நிஜமாக உழைக்க வேண்டுமென்றால் கனமான கியரில் போட்டு, சாலையில் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தைக் காட்ட வேண்டியிருக்கும். 50 பல் முன்னாலும் 11 பல் பின்னாலும் போட்டு நிமிடத்துக்கு 95 சுற்றில் மிதித்தால் மீட்டர் 54 கி.மீ. என்று சொல்லும், மூச்சு வாங்கும், ஆனால் அந்த உழைப்பு மேடு ஏறும்போது இருக்கிற மாதிரி கனத்து மெதுவாக மிதிக்கிற உழைப்பு இல்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் எதிர்ப்பு கூடும், இது பழைய தந்திரம், அளவோடு செய்யலாம், அளவு மீறினால் டயர் சூடாகித் தேய்ந்து கருப்புத் தூள் தரையெல்லாம் கொட்டும்.

அக்டோபரில் அமஷோவா சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கி.மீ., கடலை நோக்கித்தானே இறங்குகிறோம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் ஆரம்பத்திலேயே பாலி ஷார்ட்ஸ் மேடு வரும், அப்புறம் இன்சாங்கா மேடு வரும். அதற்கான கால் பலத்தை ரோலர் தராது. அதற்கு ஃபீல்ட்ஸ் ஹில் மேடு இருக்கிறது, சனிக்கிழமை காலை அங்கே போய் ஏறுங்கள், கூட்டமாகப் போங்கள்.

அப்படியானால் ரோலர் எதைத் தருகிறது? மிதியின் ஒழுங்கை. காலை ஓங்கி ஓங்கிக் குத்துகிற மாதிரி மிதிப்பவர்கள் ரோலர் மேல் ஏறினால் சைக்கிள் குதிக்கும், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு துள்ளல். வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தமாக மிதித்தால்தான் அது அடங்கும். பிடித்து நிறுத்தி வைக்கிற டிரெயினரில் எப்படி மிதித்தாலும் சைக்கிள் சும்மா இருக்கும், தப்பை யாரும் சொல்ல மாட்டார்கள். ரோலர் அந்த நொடியே சொல்லிவிடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம், தோளை உயர்த்தி வைக்கிற பழக்கம், இடுப்பு இருக்கையில் இடமும் வலமும் வழுக்குகிற பழக்கம் எல்லாவற்றுக்கும் அங்கேயே பதில் வந்துவிடும். ரோலரில் பழகிய ஒருவர் கூட்டத்துக்கு நடுவே, பக்கத்துச் சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில், நேர்கோட்டில் ஓட்டுவதை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவர் பின்னால் போக எல்லோரும் விரும்புவார்கள். கிங்ஸ் பார்க் பக்கத்து வேலோட்ரோமில் ஓட்டிய பழைய ஆட்களிடம் அந்த அமைதி இப்போதும் தெரிகிறது. டிராக் பந்தயக்காரர்கள் பந்தயத்துக்கு முன்னால் ரோலரில்தான் உடம்பைச் சூடாக்குவார்கள், அது உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

என் சித்தப்பா மகன் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் இருக்கிறான், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டுகிற ஸ்மார்ட் டிரெயினர் வைத்திருக்கிறான். நல்ல கருவி, பொய் சொல்ல மாட்டேன். திரையில் சாலையைக் காட்டுகிற ஸ்விஃப்ட் (Zwift) செயலியில் மேடு வந்தால் கால் கனக்கிறது, வாட் கணக்கு துல்லியமாக வருகிறது, பயிற்சித் திட்டத்தில் 250 வாட் என்று போட்டால் அது 250லேயே பிடித்து வைக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வேண்டும். டாக்ஸ் நியோ மாதிரி சில மட்டும் செருகாமலும் ஓடும், நீங்கள் மிதிக்கிற சக்தியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், அதன் விலை அதற்கேற்ற விலை. அவனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, உனக்கு எண்ணும் மேடும் வேணும், அதுக்கு இதுதான் சரி. ஆனா மாசத்துல நாலு நாள் என் வீட்டுக்கு வந்து ரோலர்ல ஏறு." வருகிறான். ரோலரிலும் ஸ்விஃப்ட் ஓட்டலாம், சைக்கிளில் மிதிக்கிற சக்தியை அளக்கிற பவர் மீட்டரோ வேக சென்சாரோ இருந்தால் போதும், ஆனால் மேடு கால்களுக்குத் தெரியாது, பழகும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டவும் கூடாது.

ரோலரின் இன்னொரு நல்ல குணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சைக்கிளை எங்கேயும் கவ்விப் பிடிப்பதில்லை. கார்பன் சட்டமா, பழைய ஸ்டீலா, சக்கரம் பூட்டுவது குவிக் ரிலீஸா, த்ரூ ஆக்சிலா, பின்னால் எத்தனை கியர் காசெட், எதுவும் கணக்கில்லை. அப்படியே தூக்கி வைத்து ஏறலாம். வீட்டில் மூன்று பேர் மூன்று விதமான சைக்கிள் வைத்திருந்தாலும் ஒரே ரோலர் போதும், முன் உருளையை நகர்த்தினால் சரி.

ஆனால் மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இந்த நாட்டில் பாதி சைக்கிள் 29 அங்குல மவுண்டன் பைக்தான் போலிருக்கிறது. அவற்றின் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான நீளம் ரோடு சைக்கிளைவிட அதிகம். வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளில் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை டேப் வைத்து அளந்து, ரோலர் அந்த நீளத்துக்கு விரியுமா என்று பாருங்கள். கட்டை வைத்த டயரோடு ஏறினால் காது செவிடாகும், அதிர்வில் கையும் மரத்துப்போகும். வழவழப்பான டயர் ஒரு ஜோடி மாற்றுங்கள், முன் சஸ்பென்ஷனைப் பூட்டிவிடுங்கள்.

சரி, இனி பொருத்துவது. முன் உருளையின் அச்சு முன்சக்கரத்தின் அச்சுக்கு நேர் கீழே, அல்லது ஒன்றிரண்டு செ.மீ. முன்னால் இருக்க வேண்டும். பின்னால் தள்ளி இருந்தால் முன்சக்கரம் உருளையைத் தாண்டி இறங்கப் பார்க்கும், ஹேண்டில் படபடக்கும். "ரோலர் எனக்கு ஒத்துவரலை" என்று சொல்லி மூலையில் போட்டவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த அளவைத்தான். தரை மட்டமாக இருக்க வேண்டும், நம் கராஜ்களில் தண்ணீர் வடிய ஒரு சரிவு விட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள். அடியில் கெட்டியான ரப்பர் பாய் போடுங்கள்.

முதல் தடவை ஏறுவதற்குச் சிறந்த இடம் வீட்டு நடைவழி, இல்லாவிட்டால் கதவு நிலை. இரண்டு பக்கமும் முழங்கை தொடுகிற தூரத்தில் சுவர் இருந்தால் விழ இடமே இல்லை. இடம் இல்லையென்றால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கனமான நாற்காலி. ஏறி இறங்க ஒரு பால் பெட்டியோ மரக்கட்டையோ பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் ரோலர் மேல் நிற்கும் சைக்கிள் வழக்கத்தைவிட உயரம், கால் தரைக்கு எட்டாது. சாதாரண விளையாட்டு ஷூ போட்டு, தட்டைப் பெடலில் தொடங்குங்கள், பெடலோடு பூட்டுகிற ஷூ அப்புறம். நடுத்தரமான கியர், 50க்கு 17 மாதிரி. எல்லோரும் பயத்தில் லேசான கியரில் தொடங்கி மெதுவாக மிதிக்கிறார்கள், அதனால்தான் விழுகிறார்கள். மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் குணம் கிடையாது. ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு 85, 90 சுற்றுக்குக் கொண்டுபோங்கள். வேகம் வந்ததும் சைக்கிள் தானாக நிதானிப்பதை உடம்பு உணரும், அப்போது விரல் நுனி மட்டும் சுவரில் இருக்கட்டும், பிறகு அதையும் எடுங்கள்.

பார்வை முக்கியம். முன்சக்கரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு காலண்டர் மாட்டி அதைப் பாருங்கள், எங்கள் வீட்டில் கோயில் காலண்டர் அதற்கு ஆகிறது. ஹேண்டிலைத் திருப்பி நேர்ப்படுத்தப் பார்க்காதீர்கள், இடுப்பை நடுவில் வைத்தால் சைக்கிள் தானே பின்தொடரும். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் முதலில் கையைச் சுவரில் வைத்து, மிதியை மெல்லக் குறைத்து, சக்கரம் நின்ற பிறகு காலைப் பெட்டியில் வையுங்கள்.

எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, உருளையிலேர்ந்து இறங்கிட்டா அப்படியே ஓடிப்போய் எதிர்ச் சுவத்துல மோதிடுவேனே?" நிறைய பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. மோத மாட்டீர்கள். மீட்டர் 35 காட்டினாலும் சைக்கிளும் நீங்களும் ஓர் அங்குலம்கூட முன்னால் போய்க்கொண்டிருக்கவில்லை, சுற்றுவது சக்கரம் மட்டும்தான். சக்கரம் தரையில் பட்டால் ஒரு சின்னத் தள்ளல், ஒரு கீச் சத்தம், டைல்ஸில் ஒரு கருப்புக் கோடு, அவ்வளவுதான். பக்கவாட்டில் சாய்வதுதான் நிஜமான ஆபத்து, அதற்குத்தான் நடைவழி.

நின்று ஓட்டப் பழகியதும் எதை எந்த வரிசையில் முயல்வது என்று கேட்பார்கள். முதலில் ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைப்பது, அப்புறம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப வைப்பது, அப்புறம் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. எழுந்து நின்று மிதிப்பது கடைசி, எழுவதற்கு முன்பு இரண்டு கியர் கனமாக மாற்றிக்கொண்டு எழுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் உங்களுக்குக் கீழே முன்னும் பின்னும் துள்ளும். பயிற்சி என்று பார்த்தால் அரை மணி நேரம் போதும்: பத்து நிமிடம் இதமாக, பிறகு ஒரு நிமிடம் 110 சுற்று, ஒரு நிமிடம் 85, இப்படி மாற்றி மாற்றிப் பத்து நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் கனமான கியரில் நிதானமாக. 110ல் இருக்கையில் குதிக்காமல் உட்கார முடிகிறதா என்பதைப் பாருங்கள், குதித்தால் 105க்கு இறங்கி அங்கே சரிசெய்துகொண்டு மேலே போங்கள்.

டர்பன் ஈரப்பதத்தில் வேர்வை ஒரு தனிப் பிரச்சினை. சாலையில் காற்று அடித்து உலர்த்திவிடும், வீட்டுக்குள் அது நடக்காது, உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும், அதே உழைப்புக்கு நாடித்துடிப்பு மேலே மேலே போகும். விசிறி இல்லாமல் ஓட்டாதீர்கள், ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. ரோலருக்கு மின்சாரம் வேண்டாம் என்றாலும் விசிறிக்கு வேண்டுமே, அதனால் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்கிற விசிறி ஒன்று வாங்கிவிடுங்கள், வீட்டுக்கும் உதவும். ஹேண்டில்பாரிலிருந்து இருக்கை வரை ஒரு துண்டு விரித்துக் கட்டுங்கள். வேர்வை உப்பு ஹேண்டில் திரும்புகிற ஹெட்செட்டுக்குள்ளும் ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட்டுக்குள்ளும் இறங்கி அரித்துவிடும், ஏற்கெனவே கடல் காற்றில் எல்லாமே துருப்பிடிக்கிற ஊர் இது. ஓட்டி முடித்ததும் சைக்கிளையும் உருளைகளையும் ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். உருளையில் வேர்வை சொட்டினால் டயர் வழுக்கும்.

சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்கிற நம் ஆட்கள் அவசியம் யோசிக்க வேண்டும். வழவழப்பான டயரில் ரோலர் தருவது ஒரு தொடர்ந்த ரீங்காரம், அது காதைவிடத் தரை வழியாகத்தான் அதிகம் போகும், ரப்பர் பாய் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வாக்கும் கொடுத்தேன், இதுவரை ஒரு புகாரும் இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரோலர் ஓடும்போது அந்த அறைக்குள் அவர்கள் வரக்கூடாது. பெல்ட் உருளையில் ஏறுகிற இடத்தில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும், ஓட்டுகிறவர் உடனே நிறுத்தவும் முடியாது. இதில் நான் எந்தத் தளர்வும் காட்டுவதில்லை, கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். ஓட்டி முடித்ததும் ஆன்டரஸின் சட்டத்தைத் தள்ளிச் சுருக்கினால் 80 செ.மீ. நீளத்துக்குள் வந்துவிடும், கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. நம் வீடுகளின் அளவுக்கு இது பெரிய விஷயம்.

விலையைப் பற்றி. இறக்குமதிப் பொருள், அதன் மேல் 15 சதவீத வாட் (VAT) வரி, ராண்டு ஏறி இறங்குவதற்கேற்ப விலை மாறிக்கொண்டே இருக்கும். புதிது வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. பைக் ஹப் இணையதளத்தில் பழைய ரோலர்கள் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன, வாங்கிப் பயந்து ஒதுக்கி வைத்தவர்கள் விற்கிறார்கள், அதனால் பெரும்பாலும் தேயாமலே இருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு உருளையையும் கையால் சுழற்றிவிடுங்கள், சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்ற வேண்டும். கரகரப்பு வந்தால் பேரிங் மாற்ற வேண்டும், அதற்கு விலையில் குறைத்துக் கேளுங்கள். உருளை சுற்றும்போது ஓரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள், மேலும் கீழும் ஆடினால் அதை விட்டுவிடுங்கள், அதற்கு வைத்தியம் இல்லை. பிளாஸ்டிக் உருளையில் விரிசலும், அலுமினிய உருளையில் நெளிவும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சட்டத்தின் கால்கள் நான்கும் தரையில் படுகின்றனவா என்று அழுத்திப் பாருங்கள்.

பெல்ட் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், வாங்குகிற அன்றே இரண்டாக வாங்குங்கள். ரப்பர் நம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். நகரத்தில் ஒரு கடையில் பெல்ட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வாரக்கணக்கில் அலைந்தேன், கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள், கடைசியில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இணையத்தில் எடுத்தேன். பெல்ட் இல்லாவிட்டால் முன்சக்கரம் சுற்றாது, முன்சக்கரம் சுற்றாவிட்டால் ரோலரில் நிற்கவே முடியாது. கூடுதல் பெல்ட்டை ஒரு பையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.